ஐபி முகவரியைக் கையால் கணக்கிட்டுப் பைதான் நிரலாக எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த மாணவர் பைதான் படிக்கிறார். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர் வலையமைப்பு படிக்கிறார். இலங்கையில் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் இரண்டும் ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தாலும் தனித்தனி அலகுகளாகவே கற்பிக்கப்படுகின்றன. இதனால், நிரல் எழுதத் தெரிந்தவருக்கு, வலையமைப்பில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் ஐபி முகவரி என்பது புள்ளி வைத்த நான்கு எண்களாக மட்டுமே தெரிகிறது. வலையமைப்பு படித்தவரோ, அந்த முகவரியில் வலையமைப்புக்குரிய பகுதி எங்கே முடிகிறது என்று காட்டும் சப்நெட் மாஸ்க்கை அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்கிறார். இரண்டையும் ஒரே கணக்கின் வழியாகக் கற்க முடியும். அப்படிக் கற்பதுதான் எளிது என்பது என் கருத்து. ஒரு முகவரியையும் அதன் மாஸ்க்கையும் கொடுத்தால், அந்த வலையமைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் சிறிய நிரலை எழுதுவதே இங்கே நாம் செய்யப்போகும் வேலை.

இதற்குப் பைதான் 3 நிறுவிய ஒரு கணினியும் தாளும் பென்சிலும் போதும். கூட்டல், பெருக்கல், மீதியோடு வகுத்தல் ஆகியவை தெரிந்தால் கணக்கைத் தொடரலாம். வலையமைப்பின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. அந்தப் பட்டியலை முதல் நாளிலேயே மனப்பாடம் செய்யச் சொல்வதால்தான் பல மாணவர்களுக்கு இந்தப் பாடம் கசந்துபோகிறது. வலையமைப்பில் அனுப்பப்படும் தரவுத் துண்டான பாக்கெட் எப்படிப் போகிறது என்று ஓரளவு புரிந்த பிறகு அடுக்குகளைப் படித்தால், அவை தாமாகவே மனத்தில் நிற்கும்.

நான்கு எண்கள் அல்ல, ஒரே எண்

முதலில் உங்கள் கணினியின் முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே (வெளி வலையமைப்புகளுக்குப் போகும் வாயில்) ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும். லினக்ஸில் ஐபி என்று தொடங்கும் கட்டளையோடு அட்ரஸ் என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அங்கே மாஸ்க்குக்குப் பதிலாக முகவரியின் பின்னால் சாய்கோட்டுடன் 24 போன்ற ஓர் எண் இருக்கும். வீட்டு ரவுட்டரோடு இணைந்த கணினியாக இருந்தால் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

அந்த நான்கு எண்களும் உண்மையில் நான்கு எண்கள் அல்ல. 1981 செப்டம்பரில் வெளிவந்த ஐபிவி4 வரையறை, முகவரியை 32 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இரும இலக்கங்கள்) கொண்ட ஒரே எண்ணாகத்தான் வகுத்தது. மனிதர் படிப்பதற்கு வசதியாக அதை எட்டெட்டுப் பிட்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பதின்ம எண்ணாக்கிப் புள்ளி வைத்து எழுதுகிறோம். எட்டுப் பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255 என்பதால்தான் எந்தத் துண்டும் அதைத் தாண்டுவதில்லை. 32 பிட்டுகளில் மொத்தம் 4294967296 முகவரிகள், அதாவது ஏறத்தாழ 429 கோடி, கிடைக்கும். 1981இல் அது தீராத எண்ணாகத் தோன்றியிருக்கும்; 2011 பிப்ரவரியில் உலகளவில் முகவரிகளைப் பங்கிடும் ஐயானா அமைப்பின் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

192.168.10.77 என்ற முகவரியை ஒரே எண்ணாக மாற்றுவோம். ஒவ்வொரு துண்டும் தனக்கு வலப்புறத்தில் இருப்பதைப் போல் 256 மடங்கு மதிப்புடைய இடத்தில் நிற்கிறது. ஆகவே கடைசித் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு முந்தியதை 256ஆலும், அதற்கும் முந்தியதை 65536ஆலும், முதல் துண்டை 16777216ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். தாளில் ஒரு முறை செய்து பாருங்கள்; விடை 3232238157 என்று வரும்.

இப்போது இதையே பைதானுக்குச் சொல்வோம். பைதானின் சொந்தச் சொற்களை அவற்றுக்குரிய எழுத்திலேதான் தட்டச்சு செய்ய வேண்டும். ஆனால் பைதான் 3இல் மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். எனவே கீழுள்ள வரிகளைப் பைதானுடன் வரும் ஐடில் சாளரத்தில் அப்படியே தட்டச்சு செய்தாலும் அவை இயங்கும்.

அ = 192
ஆ = 168
இ = 10
ஈ = 77
முகவரி = அ * 16777216 + ஆ * 65536 + இ * 256 + ஈ

பிறகு முகவரி என்று மட்டும் தட்டி எண்டர் விசையை அழுத்தினால் 3232238157 திரையில் வரும். மாறி என்றால் என்ன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: ஒரு மதிப்புக்குப் பெயரிட்டு வைத்திருக்கிறோம், அந்தப் பெயரைச் சொன்னால் மதிப்பு கிடைக்கிறது. சமக்குறியின் வலப்பக்கத்தை முதலில் கணக்கிட்டு, வந்த விடைக்கு இடப்பக்கப் பெயரைச் சூட்டுகிறது பைதான். கணக்குப் பாடத்தின் சமக்குறியும் இதுவும் வேறு என்பதை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

முகவரி உண்மையிலேயே ஒரே எண்தானா என்ற ஐயம் இருந்தால் கட்டளைச் சாளரத்தில், ஒரு முகவரி பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளைக்கு 2130706433 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். புள்ளியே இல்லாத அந்த எண்ணை உங்கள் கணினி ஏற்றுக்கொண்டு, 127.0.0.1 என்ற தன் சொந்த முகவரியிலிருந்து பதில் தரும். 127ஐ 16777216ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏன் என்று தெரிந்துவிடும்.

எல்லை எங்கே விழுகிறது

ஐபி முகவரியைத் தெருப் பெயரும் கதவு எண்ணுமாகப் பிரித்து விளக்குவது வகுப்பறை வழக்கம். முன்பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது, பின்பகுதி அதற்குள் இருக்கும் கணினியைக் குறிக்கிறது என்ற அளவில் உவமை சரிதான். ஆனால் கடிதத்தில் தெருவும் கதவு எண்ணும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். ஐபி முகவரியிலோ முன்பகுதி எங்கே முடிகிறது என்பது முகவரியைப் பார்த்தால் தெரியாது. அதைச் சொல்வது சப்நெட் மாஸ்க் ஒன்றுதான். ஆகவே மாஸ்க் இல்லாத முகவரி பாதி முகவரி.

முன்பு நிலைமை வேறு. முதல் துண்டின் மதிப்பை வைத்தே முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். சி வகுப்பில் 254 கணினிகளுக்கு இடம். அதற்கு அடுத்த பி வகுப்பில் 65534. முந்நூறு கணினிகள் உள்ள நிறுவனத்துக்கு முதலாவது போதாது, இரண்டாவதோ பெரும் விரயம். 1993இல் சைடர் முறை வந்ததும் எல்லையை எந்தப் பிட்டில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாயிற்று. முகவரிக்குப் பின்னால் எழுதும் /24, /26 போன்றவை அந்த முறையின் குறியீடுகளே. முன்பகுதியில் எத்தனை பிட்டுகள் என்பதை அவை சொல்கின்றன. இன்றைக்கும் சில வழிகாட்டிகள் வகுப்பு முறையை நடப்பில் இருப்பதுபோல் கற்பிக்கின்றன. தேர்வில் கேட்டால் எழுதுங்கள். வலையமைப்பை அமைக்கும்போது அதை நம்ப வேண்டாம்.

நம் முகவரியை 192.168.10.77/26 என்று எடுத்துக்கொள்வோம். 32இல் 26 பிட்டுகள் வலையமைப்புக்குப் போனால் கணினிகளுக்கு எஞ்சுவது 6 பிட்டுகள். ஆறு பிட்டுகளில் 64 எண்கள் அடங்கும். எனவே இந்த வலையமைப்பின் அளவு 64 முகவரிகள். அளவு 64 என்றால் வலையமைப்பு 64இன் மடங்கில்தான் தொடங்க முடியும். கடைசித் துண்டில் அந்த மடங்குகள் 0, 64, 128, 192. எழுபத்தேழு இவற்றில் 64க்கும் 128க்கும் இடையே இருப்பதால் வலையமைப்பின் தொடக்கம் 192.168.10.64, முடிவு 192.168.10.127. முதலாவது வலையமைப்பின் பெயராகவும், கடைசி, எல்லாக் கணினிகளுக்கும் ஒருசேர அனுப்புவதற்கான பிராட்காஸ்ட் முகவரியாகவும் ஒதுக்கப்படுவதால் கணினிகளுக்குக் கிடைப்பவை 65 முதல் 126 வரையிலான 62 முகவரிகள்.

பாடநூல்களில் இதை இரும எண்களாக எழுதி ஆண்ட் செயல் செய்து காட்டுவார்கள். அதுவும் இதே கணக்குத்தான். 77ஐ இரண்டால் தொடர்ந்து வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 1001101 வரும். எட்டு இடங்களுக்கு நிரப்பினால் 01001101. /26க்குரிய மாஸ்க் 255.255.255.192; அதன் கடைசித் துண்டு 192, அதாவது 11000000. இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வைத்தால் 01000000, அதாவது 64. மாஸ்க்கில் பூச்சியம் உள்ள கடைசி ஆறு பிட்டுகளை நாம் அழித்துவிட்டோம். 77ஐ 64ஆல் வகுத்து மீதியான 13ஐக் கழித்ததும் அதைத்தான் செய்தது. தொடக்க மாணவர்களுக்கு மீதி வழியே எளிது என்பதால் நிரலை அப்படியே எழுதுவோம்.

முன்பகுதி = 26
அளவு = 2 ** (32 - முன்பகுதி)
தொடக்கம் = முகவரி - முகவரி % அளவு
முடிவு = தொடக்கம் + அளவு - 1
மாஸ்க் = 4294967296 - அளவு

இரட்டை நட்சத்திரக் குறி அடுக்கைக் கணக்கிடுகிறது; விழுக்காட்டுக் குறி வகுத்தலின் மீதியைத் தருகிறது. நிரலின் உயிர் மூன்றாவது வரியில்தான் இருக்கிறது. ஆண்ட் செயலும் இதே விடையைத் தருகிறதா என்று சரிபார்க்க (முகவரி & மாஸ்க்) == தொடக்கம் என்று தட்டுங்கள்; உண்மை என்ற பொருளில் ட்ரூ என்று பதில் வரும். இங்கே அடைப்புக்குறி இல்லாவிட்டாலும் பைதான் சரியாகவே கணக்கிடும். பதினொன்றாம் வகுப்பில் சி++ படித்தவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: சி++ மொழியில் இரட்டைச் சமக்குறியே முதலில் கணக்கிடப்படும் என்பதால் அடைப்புக்குறி இல்லாத வரி வேறு விடை தரும். இரு மொழிகளிலும் அடைப்புக்குறி போடும் பழக்கம் பாதுகாப்பானது.

தொடக்கத்தின் மதிப்பைக் கேட்டால் 3232238144 என்று வரும். அதை மறுபடி நான்கு துண்டுகளாக வெட்ட வேண்டும்.

அ = தொடக்கம் // 16777216
ஆ = தொடக்கம் // 65536 % 256
இ = தொடக்கம் // 256 % 256
ஈ = தொடக்கம் % 256

இரட்டைச் சாய்கோடு ஈவின் முழு எண் பகுதியை மட்டும் தருவது. ஒற்றைச் சாய்கோட்டைப் போட்டால் பதின்மப் புள்ளியோடு விடை வந்து கணக்கு கெட்டுப்போகும். இந்த நிரலில் தொடக்க மாணவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது; பைதான் பிழைச் செய்தியும் தராது, தவறான விடையை அமைதியாகத் தந்துவிடும்.

பயனர் தரும் முகவரியை நம்பக்கூடாது

இதுவரை எண்களை நாமே எழுதினோம். பயனரிடம் கேட்டு வாங்க இன்புட் செயற்கூறு உதவும். ஆனால் அது எதை வாங்கினாலும் எழுத்துகளின் சரமாகவே தரும். அந்தச் சரத்தை ஸ்பிளிட் மூலம் புள்ளிகள் உள்ள இடங்களில் வெட்டி, கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும் இன்ட் மூலம் முழு எண்ணாக்க வேண்டும். இந்த மாற்றத்தை மறந்துவிட்டு இரண்டு துண்டுகளைக் கூட்டினால் 10உம் 77உம் சேர்ந்து 87 ஆகாது, 1077 என்ற சரம் ஆகும்.

வெட்டிய பிறகு துண்டுகள் சரியாக நான்கா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்; பைதானில் 0 <= அ <= 255 என்று கணக்குப் பாடத்தில் எழுதுவது போலவே நிபந்தனையை எழுதலாம். முன்பகுதி 0 முதல் 32க்குள் இருக்க வேண்டும். இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு: 192.168.010.1 என்று யாராவது முன்பூச்சியத்தோடு கொடுத்தால் நம் நிரல் அதைப் பத்து என்று படிக்கும், பழைய வழக்கத்தைப் பின்பற்றும் சில கருவிகள் அதை எண்ம எண்ணாக, அதாவது எட்டின் அடிமானத்தில் எழுதியதாக, கருதி எட்டு என்று படிக்கும். ஒரே எழுத்துக்கு இரு பொருள் இருக்கும்போது ஊகிப்பதைவிட மறுத்துவிடுவதே நல்லது.

கணினிகளின் எண்ணிக்கையை அளவு - 2 என்று எழுதினால் /26க்கு 62 சரியாக வரும். /30க்கு 2 வரும், அதுவும் சரி. /32 கொடுத்துப் பாருங்கள்: வலையமைப்பில் -1 கணினிகள் இருப்பதாக நிரல் சொல்லும். சூத்திரம் தவறல்ல, அது பொருந்தாத இடத்தில் பயன்படுத்திவிட்டோம். /32 என்பது ஒரே ஒரு முகவரி. /31இல் இரண்டே முகவரிகள். இரு ரவுட்டர்களை நேருக்கு நேர் இணைக்கும் தடத்தில் அவை இரண்டையுமே பயன்படுத்தலாம் என்று 2000ஆம் ஆண்டு முதல் விதி உண்டு. எனவே முன்பகுதி 31ஐவிடக் குறைவாக இருந்தால் மட்டும் இரண்டைக் கழிக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதுங்கள். நிபந்தனைக் கூற்றைக் கற்க மதிப்பெண், தேர்ச்சி என்று செயற்கையாக எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. இங்கே தேவையே அதைக் கேட்கிறது.

எண்களைச் சற்றுப் பெரிதாக்கியும் சோதியுங்கள். 172.16.37.200/20 என்ற முகவரிக்கு அளவு 4096. எல்லை மூன்றாவது துண்டுக்குள் விழுவதால் கையால் கணக்கிடுவோர் பலர் இங்கே தடுமாறுவார்கள். உங்கள் நிரல் தொடக்கம் 172.16.32.0, முடிவு 172.16.47.255, மாஸ்க் 255.255.240.0 என்று சொன்னால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

இதுவரை ஒரே முகவரிக்குத் தொடக்கத்தைக் கண்டோம். இரண்டு முகவரிகள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டுமானால் அதே கணக்கை இரு முறை எழுத வேண்டியிருக்கும். ஒரே வரிகளைப் படியெடுத்து ஒட்டத் தோன்றும் அந்த இடம்தான் செயற்கூறு எழுத வேண்டிய இடம். டெஃப் என்ற சொல்லோடு தொடங்கி, முகவரியையும் முன்பகுதியையும் வாங்கிக்கொண்டு தொடக்கத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றை எழுதி, அதை இரண்டு முகவரிகளுக்கும் அழைத்து விடைகளை ஒப்பிடுங்கள். அடுத்து, மடக்கு ஒன்றை வைத்து 24 முதல் 32 வரை ஒவ்வொரு முன்பகுதிக்கும் மாஸ்க்கையும் அளவையும் வரிசையாக அச்சிடச் செய்யுங்கள். மனப்பாடம் செய்யச் சொன்ன அட்டவணை திரையில் வந்து நிற்கும். ரேஞ்ச் செயற்கூறுக்கு மேல் எல்லையாக 33 கொடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். 32 கொடுத்தால் அது 31இலேயே நின்றுவிடும்.

இதே செயற்கூறைக் கொண்டு ஒரு முகவரி தனிப்பயன் முகவரியா என்றும் கண்டுபிடிக்கலாம். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன; இன்று நடப்பில் உள்ள ஒதுக்கீட்டு ஆவணம் 1996 பிப்ரவரியில் வந்தது. இவற்றில் நடுவில் உள்ளது 172.31.255.255இல் முடிந்துவிடுகிறது. 172 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாமே தனிப்பயனுக்குரியவை என்று நினைப்பது பரவலான தவறு. உங்கள் நிரலிடம் 172.40.1.1 கேட்டால் அது இல்லை என்று சொல்ல வேண்டும்.

இரண்டு கணினிகளில் சோதித்துப் பார்த்தல்

கணினி பாக்கெட்டை அனுப்பும் ஒவ்வொரு முறையும் நாம் எழுதிய கணக்கையே செய்கிறது. போக வேண்டிய முகவரி தன் வலையமைப்புக்குள் இருந்தால் நேரே அனுப்புகிறது. இல்லையென்றால் கேட்வேயிடம் கொடுத்துவிடுகிறது. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதியோடு, அல்லது வீட்டில் இரண்டு மடிக்கணினிகள் கிடைத்தால், இதைக் கண்ணால் பார்க்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு இரண்டையும் ஈதர்நெட் கேபிளால் இணையுங்கள். இன்றைய கணினிகளுக்குச் சாதாரணக் கேபிளே போதும். தொடங்கும் முன் ஒரு வேலை: விண்டோஸின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கும் என்பதால் அதற்குரிய விதியை இரு கணினிகளிலும் அனுமதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாஸ்க்கைக் குறை சொல்லி நேரத்தை வீணாக்குபவர்கள் ஏராளம்.

ஐபிவி4 அமைப்பில் முதல் கணினிக்கு 192.168.10.77, இரண்டாவதுக்கு 192.168.10.130, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.192 என்று கையால் கொடுத்து, கேட்வேயை வெறுமையாக விடுங்கள். கேபிள் சரியாக இருக்கும், விளக்கு எரியும், முகவரிகளில் முதல் மூன்று துண்டுகளும் ஒன்றாகவே இருக்கும்; ஆனாலும் பிங் போகாது. முதல் கணினியின் வலையமைப்பு 64இல் தொடங்குகிறது, இரண்டாவதன் வலையமைப்பு 128இல். இரண்டாவது கணினியின் கடைசித் துண்டை 100 என்று மாற்றிய உடனே பதில் வரத் தொடங்கும்.

அடுத்து இரண்டாவது கணினியை மீண்டும் 130க்கு மாற்றி, முதல் கணினியின் மாஸ்க்கை மட்டும் 255.255.255.0 ஆக்குங்கள். இப்போது முதல் கணினியின் கணக்குப்படி 130 பக்கத்தில்தான் இருக்கிறது. அது நேரே அனுப்ப முயன்று, பதிலுக்குக் காத்திருந்து கைவிடும். இரண்டாவது கணினியின் கணக்குப்படியோ 77 வெளி வலையமைப்பு. அங்கிருந்து பிங் கொடுத்தால் காத்திருக்காமல், வழியே இல்லை என்ற பொருளில் உடனே பிழைச் செய்தி வரும். இரு முனைகளிலும் மாஸ்க் ஒன்றாக இல்லாதபோது ஒவ்வொரு கணினியும் வேறு வேறு எல்லைக்கு உள்ளே இருப்பதாக நம்புகிறது. அலுவலக வலையமைப்புகளில் ஒரு கணினி மட்டும் சிலவற்றோடு பேசும், சிலவற்றோடு பேசாது என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவற்றுள் மாஸ்க்கும் ஒன்று. உங்கள் செயற்கூறை ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் முன்பகுதியைக் கொடுத்துத் தனித்தனியாக அழைத்தால், எந்தப் பக்கம் எப்படி முடிவெடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நிரல் முடிந்ததும் அதைப் பைதானின் தர நூலகத்தில் உள்ள ஐபிஅட்ரஸ் தொகுதியோடு ஒப்பிடுங்கள். அதன் ஐபி நெட்வொர்க் செயற்கூறிடம் 192.168.10.77/26 என்று கொடுத்தால் அது விடை தராமல் பிழை காட்டும். 77இல் கணினிக்குரிய பிட்டுகள் எஞ்சியிருப்பதால் அது வலையமைப்பின் முகவரி அல்ல என்பதே அதன் வாதம். ஸ்ட்ரிக்ட் என்ற அளபுருவுக்கு ஃபால்ஸ் மதிப்பைக் கொடுத்தால் கெடுபிடியைத் தளர்த்தி 192.168.10.64/26 என்று சொல்லும். வேலைக்கான நிரல்களில் அந்தத் தொகுதியையே பயன்படுத்துங்கள். ஐபிவி6 முகவரிகளுக்கும் உங்கள் நிரலை நீட்ட விரும்பினால் 32 உள்ள இடத்தில் 128ஐயும், 4294967296 உள்ள இடத்தில் 2 ** 128ஐயும் வையுங்கள். பைதான் எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் என்பதால் தொடக்கத்தையும் முடிவையும் காணும் வரிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. முகவரியைச் சரத்திலிருந்து படிக்கும் பகுதியையும், விடையை மறுபடி துண்டுகளாக வெட்டும் பகுதியையும் புதிதாக எழுத வேண்டும். அங்கே துண்டுகள் எட்டு, பிரிப்பது முக்காற்புள்ளி, எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும்.